சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்

சோழபுரத்து டீக்கடையில் ஒரு தம்பி கேட்டார். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறி போட்டிருப்பவர். "அண்ணாச்சி, வருஷா வருஷம் ஆடிட்டர் வந்து பாத்து கையெழுத்துப் போடுதாரு. போர்டு இருக்கு, பேங்க் இருக்கு, சர்க்கார் இருக்கு. பெறகு எப்படி இல்லாத ஐயாயிரம் கோடிய இருக்குன்னு கணக்குல எழுத முடியுது?"

ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை. இன்னொன்று சொல்லிவிட்டுப் பேசினோம். அன்று பேசியதோடு, விட்டுப்போனதாக எனக்குப் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஆடிட்டர். அவர் பெரும்பாலும் வருஷம் முடிந்த பிறகுதான் உட்காருகிறார். ஆயிரக்கணக்கான வவுச்சர்களில் சிலவற்றை உருவிப் பார்ப்பார். எல்லாவற்றையும் பார்க்க எந்த ஆடிட்டராலும் முடியாது. பணம் போவதோ ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாரும் கவனிக்காத ஐந்து நிமிஷத்தில். அந்த ஐந்து நிமிஷத்தைக் காவல் காக்கிற ஏற்பாடு கம்பெனிக்கு உள்ளேயே, அன்றாட வேலைக்குள்ளேயே இருக்க வேண்டும். உள்கட்டுப்பாடு என்பது அதுதான்.

ஒரு ஸ்பின்னிங் மில்லை வைத்துப் பார்க்கலாம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து பஞ்சு லாரி இந்த வட்டாரத்துக்குப் பழக்கம். நான் சொல்லப்போவது எந்த மில்லையும் குறிப்பதல்ல, எல்லா மில்லுக்கும் பொதுவானது.

லாரி வருகிறது. நூறு பேல் பஞ்சு. பேல் ஒன்று 170 கிலோ வாக்கில், ஆக 17 டன். வாட்ச்மேன் கேட் ரிஜிஸ்டரில் வண்டி நம்பரையும் நேரத்தையும் எழுதுகிறார். எடைமேடைக்காரர் பாரத்தோடு ஒரு எடை போடுகிறார், இறக்கிய பிறகு வெறும் வண்டிக்கு ஒரு எடை. குடோன் பொறுப்பாளர் பேலை எண்ணிப் பார்த்து வரவுச் சீட்டு போடுகிறார். இந்தப் பஞ்சுக்கு விலை பேசி ஆர்டர் கொடுத்தவர் ஆபீஸில் வேறொருவர். பில் வந்ததும் அதை ஆர்டரோடும் வரவுச் சீட்டோடும் ஒட்டிப் பார்க்கிறவர் கணக்கர். செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் இவர்களில் யாருமே இல்லை.

இப்போது ஒருவர் வராத லாரிக்குப் பணம் வாங்க நினைக்கிறார் என்று வையுங்கள். கேட் ரிஜிஸ்டரில் வண்டி இல்லை, எடைச் சீட்டு இல்லை, குடோனில் பேல் இல்லை. பில் மட்டும் இருந்தால் அது கணக்கர் மேஜையிலேயே நின்றுவிடும். ஜி.எஸ்.டி. வந்த பிறகு வெளிச்சாட்சியும் கூடியிருக்கிறது. விற்றவர் காட்டிய பில் நம் போர்ட்டலில் தானாக வந்து நிற்கும், வண்டிக்கு ஈ-வே பில் இருக்கும். எல்லாரும் கூடிப் பேசித் திருட முடியாதா என்றால், முடியும். ஆனால் கூட்டு சேருகிற ஒவ்வொருவரும் நாளைக்கு வாய் திறக்கக்கூடிய ஒருவர். ஆள் கூடக் கூடத் திருட்டு கடினமாகிறது.

சிக்கல் எங்கே வருகிறது? எடைமேடைக்காரர் லீவு. "குடோன் பையனே எடையும் போட்டுக்கிடட்டும்" என்கிறோம். கணக்கருக்கு வேலை அதிகம், "வரவுச் சீட்டு ஒட்டுறதையும் அவனே பாத்துக்கிடட்டும்" என்கிறோம். மூன்று கையில் இருந்தது ஒரு கைக்கு வந்துவிட்டது. அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் நூறு பேலுக்குத் தொண்ணூறு வந்தால்கூட அதைச் சொல்ல இப்போது மில்லில் வேறு ஆள் இல்லை.

கேட்டைவிடவும் கவனிக்க வேண்டிய இடம் பின்பக்கத்துக் கழிவு குடோன். பஞ்சு நூலாகும்போது எடை குறையும். விதைத்தூள், குட்டை இழை, தூசி எல்லாம் கழியும். கார்டட் நூலுக்கு நூறு கிலோ பஞ்சு போட்டால் 85 கிலோவைச் சுற்றி நூல் வரும். கோம்பர் ஓட்டினால் இன்னும் குறையும். கழிந்ததில் பெரும்பகுதி விலை போகிற சரக்கு, எடை போட்டு விற்பார்கள். அது போக ஒரு சதவீதமோ கொஞ்சம் கூடவோ, எங்கே போனது என்று யாராலும் கையில் எடுத்துக் காட்ட முடியாத இழப்பு ஒன்று உண்டு. ஈரம் காய்ந்ததும் காற்றில் பறந்ததுமாகப் போனது. மில்லில் இதற்கு இன்விசிபிள் லாஸ் என்று பெயர்.

கழிவில் கை வைக்கிறவருக்கு இதைவிட வசதியான ஒளிவிடம் கிடையாது. இரண்டு டன் கழிவை ஒன்றரை டன் என்று எழுதி அனுப்பினால், மீதி அரை டன் கணக்கில் காற்றோடு போனதாக ஆகிவிடும். அதனால்தான் நல்ல மில்லில் மாதக் கடைசியில் ஒரு கணக்கு போடுவார்கள். பிரித்த பேல் எவ்வளவு, கட்டிய நூல் எவ்வளவு, விற்ற கழிவு எவ்வளவு, மெஷினில் நிற்பது எவ்வளவு? மிச்சம்தான் இன்விசிபிள் லாஸ். ஒன்றாக இருந்தது திடீரென்று மூன்றானால், தராசு கெட்டிருக்கலாம், பஞ்சு ஈரமாக வந்திருக்கலாம், இல்லையென்றால் லாரியில் போயிருக்கலாம். எது என்று கேட்க ஒருவர் வேண்டும். இந்தக் கணக்கைப் போடுகிறவர் கழிவு விற்கிறவருக்குக் கீழே வேலை பார்க்கக் கூடாது. இந்த ஒரு விதியை விட்ட இடத்தில், மற்ற ரிஜிஸ்டர் எல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தம்பி இடைமறித்தார். "இப்படியெல்லாம் வச்சா, நம்மகிட்ட பத்து பதினஞ்சு வருஷமா இருக்கிறவங்க மனசு கஷ்டப்படுமே அண்ணாச்சி?"

பெரிய கோயில்களில் உண்டியல் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். முத்திரை வைத்த பூட்டு, சாவி ஒருவரிடம் மட்டும் இருக்காது, அறநிலையத்துறை அதிகாரிகள் முன்னிலை, எல்லாரும் பார்க்க மண்டபத்தில் எண்ணிக்கை, எண்ணி முடித்ததும் பேங்க். எந்த அலுவலரும் இதைத் தன் மேல் விழுந்த சந்தேகமாக நினைப்பதில்லை. சொல்லப்போனால் நாளைக்கு யாராவது வாய்க்கு வந்தபடி பேசினால் அவரைக் காப்பாற்றுவதே இந்த ஏற்பாடுதான். கூட்டுறவுச் சங்கத்தில் நகைப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைப்பதும் இதற்காகத்தான். 2021இல் நகைக்கடன் தள்ளுபடிக்காகப் பொட்டலங்களைப் பிரித்துச் சரிபார்த்தபோது தமிழ்நாட்டில் சில சங்கங்களில் போலி நகைகள் வெளிவந்தன. இரண்டு சாவியும் ஒரே இடுப்பில் தொங்கினாலோ, இரண்டு பேரும் ஒன்று சேர்ந்தாலோ பெட்டகத்துக்குப் பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பணத்தில் கை வைக்கிறவர்கள் பிறவித் திருடர்கள் இல்லை. டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்க ஆய்வாளர் சிறையிலிருந்த கையாடல்காரர்களை நேரில் பார்த்துப் பேசி 1953இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டதை வைத்துப் பின்னால் வந்தவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, எடுக்க ஒரு வழி, எடுத்ததைத் தனக்குத்தானே நியாயப்படுத்திக்கொள்கிற மனசு. மகளுக்குக் கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், "அடுத்த மாசம் வச்சிருவோம், யாருக்குத் தெரியப்போகுது". முதலாளியால் ஊழியரின் நெருக்கடி முழுவதையும் தீர்க்க முடியாது, மனசுக்குள்ளும் போக முடியாது. எடுக்கிற வழியை மட்டும் அடைக்க முடியும். அதை அடைக்காமல் விட்டுவிட்டு, ஒரு மனிதர் கெட்டுப்போன பிறகு போலீசுக்குப் போவதில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்று நான் மனசார நம்புகிறேன்.

அந்த அடுத்த மாசம் வராது. முருகன் ஸ்டோர் கட்டிய ரொக்கத்தை எடுத்தவர், அதை மறைக்க நாளைக்கு வரும் கண்ணன் ஸ்டோர் பணத்தை முருகன் கணக்கில் வரவு வைப்பார். கண்ணனுக்கு மறுநாள் வருகிற ஒருவர். இப்படியே உருட்டிக்கொண்டு போக வேண்டும், ஒரு நாள் நின்றால் தெரிந்துவிடும். அதனால் லீவே போட மாட்டார். காய்ச்சலோடு வருவார். முதலாளி அதைப் பார்த்து உருகிப்போவார்.

லீவு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஒரு சின்ன ஊர். சுமார் பதினாறாயிரம் பேர். நகராட்சிக் கணக்கு முழுவதும் ரீட்டா கிரண்ட்வெல் என்ற அம்மாள் கையில். கணக்கு எழுதுவது, பேங்க் ஸ்டேட்மெண்டைத் தபாலில் வாங்குவது, பணம் மாற்றுவது எல்லாம் அவரே. 1990இல் ஊர் பெயரிலேயே யாருக்கும் தெரியாத ஒரு பேங்க் கணக்கைத் திறந்தார். இருபது வருஷத்துக்கு மேல் அதில் போன பணம் 5 கோடியே 30 லட்சம் டாலருக்கும் அதிகம். ஊரில் ரோடு போடப் பணமில்லை என்று அவரே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நானூறு குதிரைகள் வைத்து வளர்த்தார். வருஷா வருஷம் ஆடிட்டும் நடந்தது. பிடிபட்டது எப்படி? 2011இல் அவர் நீண்ட லீவில் போனபோது, அவர் வேலையைப் பார்த்த குமாஸ்தா எல்லாக் கணக்குக்கும் ஸ்டேட்மெண்ட் அனுப்பச் சொல்லி பேங்கைக் கேட்டார். தெரியாத கணக்கும் சேர்ந்து வந்தது. 2012 ஏப்ரலில் கைது, அடுத்த வருஷம் பத்தொன்பதரை வருஷத்துக்கும் மேலான சிறைத் தண்டனை.

நம் ரிசர்வ் வங்கி, பேங்குகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து பத்து வேலைநாளாவது லீவில் அனுப்பச் சொல்கிறது. சலுகையாகச் சொன்னதல்ல அது. நாற்காலி காலியாக இருக்கும்போது வேறொருவர் அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக.

இப்படி ஆளை மாற்றுவதும் கணக்குக் கேட்பதும் நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. சோழபுரம் என்ற பெயரைத் தாங்கிய ஊரில் உட்கார்ந்து பேசும்போது உத்திரமேரூரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊர்ப் பொறுப்புகளுக்குக் குடவோலையில் ஆள் எடுக்கிற விதிகள் அவற்றில் இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர் பெயரையும் கூடாது. முந்தைய மூன்று வருஷத்தில் இருந்தவரும் கூடாது. சொந்தக்காரர்களை விலக்கியதில் எவ்வளவு அனுபவம் தெரிகிறது பாருங்கள். கணக்கை மூடி மறைக்க முதலில் வருவது யார் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது.

இனி தம்பி கேட்ட ஐயாயிரம் கோடிக்கு வருவோம். அது ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை. 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம், பேங்க் இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இல்லாத அந்தப் பணத்துக்கு 376 கோடி வட்டி வர வேண்டியிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். 2008 செப்டம்பர் காலாண்டில் 649 கோடி செயல்பாட்டு லாபம் என்று காட்டியது உண்மையில் 61 கோடி.

இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டும். சத்யத்தில் உள்கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. அந்தக் கம்பெனியின் பங்கு நியூயார்க் சந்தையிலும் விற்றது. என்ரான், வேர்ல்ட்காம் மோசடிகளுக்குப் பிறகு அமெரிக்கா 2002இல் கொண்டுவந்த கடுமையான சட்டம் அதற்கும் பொருந்தியது. உலகப் பெயர் பெற்ற ஆடிட் நிறுவனம், ஹார்வர்ட் பேராசிரியர் உட்கார்ந்திருந்த போர்டு, பில் போட கம்ப்யூட்டர் முறை, எல்லாம் இருந்தன. ஆனால் அந்த பில் முறைக்குள் சிலருக்கு மட்டும் தனிச் சாவி இருந்தது. வேலை செய்த பிரிவுகளின் கண்ணுக்குப் படாமல் பில்லை உள்ளே நுழைக்கவும் மறைக்கவும் அதனால் முடிந்தது. அப்படி நுழைந்த போலி பில்கள் 7,561 என்று விசாரணையில் வந்தது. போலி பில்லுக்குப் பணம் வர வேண்டுமே? வந்ததாகக் காட்ட போலி ஃபிக்சட் டெபாசிட் ரசீதுகள்.

இதை ஒரே ஒரு வேலை நிறுத்தியிருக்கும். ஆடிட்டர் பேங்குக்குத் தானே கடிதம் போட்டு, பதிலைத் தன் ஆபீஸுக்கே நேராக வரவழைத்து, வந்ததைக் கணக்கோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல், கம்பெனி கையில் கொடுத்த காகிதத்தைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். தம்பிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இவ்வளவுதானா அண்ணாச்சி?" என்றார். இவ்வளவுதான். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் தனி நீதிமன்றம் ராஜுவுக்கும், ஆடிட் நிறுவனத்தின் முன்னாள் பங்குதாரர்கள் இருவர் உட்பட மற்றவர்களுக்கும் ஏழு வருஷச் சிறை விதித்தது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வந்தார்கள்.

குமாஸ்தா திருடினால் முதலாளி பிடிக்கலாம். முதலாளியே கணக்கை மாற்றச் சொன்னால் குமாஸ்தாவால் என்ன செய்ய முடியும்? உள்கட்டுப்பாட்டின் பலவீனமான இடம் இதுதான், இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. மேலே இருப்பவரைக் கேள்வி கேட்க, அவரிடம் சம்பளம் வாங்காத ஒருவர் வேண்டும். 2013 கம்பெனிச் சட்டம் அந்தப் பக்கம் சில கதவுகளை வைத்தது. நிதிக் கட்டுப்பாடு ஒழுங்காக இருக்கிறது என்று பங்குச்சந்தைக் கம்பெனியின் இயக்குநர்கள் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும், ஆடிட்டரும் அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒரே ஆடிட் நிறுவனம் பத்து வருஷத்துக்கு மேல் தொடரக் கூடாது. ஊழியர் ஒருவர் தப்பைச் சொல்ல நினைத்தால் ஆடிட் கமிட்டித் தலைவரிடம் நேராகப் போக வழி வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இன்னொன்றும் வந்தது. கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார் என்ற தடம் அழியாமல் பதிவாக வேண்டும். பழைய பேரேட்டில் அடித்து எழுதினால் அடித்தது தெரியும். கம்ப்யூட்டரில் தெரியாமல் போயிருந்தது. அதை இந்த விதி திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் சுமார் 11,400 கோடி ரூபாய் விவகாரம் வெடித்தது. வெளிநாட்டுப் பேங்குகளுக்கு உத்தரவாதம் அனுப்புகிற ஸ்விஃப்ட் முறை வங்கியின் சொந்தக் கணக்கு முறையோடு இணைக்கப்படவில்லை. உத்தரவாதம் ஒன்றில் போனது, மற்றதில் ஏறவில்லை. அதே கிளையில் பல வருஷம் இருந்த அதிகாரி ஓய்வு பெற்ற பிறகு, புதிதாக வந்தவர் ஈட்டுப் பணம் கேட்டார். "முன்னாடி கேட்டதில்லையே" என்று உத்தரவாதம் கேட்டு வந்த கம்பெனித் தரப்பு சொன்னது. முன்னாடி என்ன நடந்தது என்று தேடிப்போனதில்தான் எல்லாம் வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. மறுபடி பாருங்கள், உண்மை வெளியே வந்தது நாற்காலியில் ஆள் மாறியபோதுதான்.

மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பிடிபட்ட மோசடிகளில் நூற்றுக்கு 43 யாரோ ஒருவர் துப்புச் சொல்லி வெளிவந்தவை. சொன்னவர்களில் பாதிக்கும் மேல் அதே நிறுவனத்து ஊழியர்கள். சத்யத்திலும் 2008 டிசம்பரில் பெயர் சொல்லாத ஒருவரின் மின்னஞ்சல் ஓர் இயக்குநருக்குப் போயிருந்தது. கீழே இருப்பவருக்குத் தெரிகிறது. சொன்னால் வேலை போகாது என்ற தைரியத்தைக் கொடுப்பது முதலாளியின் கடமை.

"எங்கிட்ட மொத்தமே ஏழு பேரு. கேட்டுக்கு ஒருத்தர், எடைக்கு ஒருத்தர்னு எங்க போக?" என்றார் தம்பி. நியாயம். சின்ன இடத்தில் வேலையைப் பிரிக்க ஆள் இருக்காது, அங்கே முதலாளியின் கண்தான் அந்த ஆள். பணம் வாங்குகிறவரே வரவு எழுதட்டும், ஆனால் வாடிக்கையாளரிடம் மாதம் ஒருமுறை பாக்கி எவ்வளவு என்று வாட்ஸப்பில் கேட்பது முதலாளியாக இருக்கட்டும். ஆன்லைனில் பணம் அனுப்ப ஒருவர் ஏற்றி வைத்து இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கிற வசதி பேங்கிலேயே இருக்கிறது, ஓ.டி.பி. வருகிற போனைக் கணக்கர் மேஜையில் வைத்துவிட்டுப் போவதை இன்றோடு நிறுத்துங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் அப்படியே. குடோனில் மாதம் ஒரு நாள், சொல்லாமல், பத்து பண்டலை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கணக்கரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள், இது கடைக்கும் அவருக்கும் சேர்த்துப் போட்ட வேலி என்று. சொன்னால் புரிந்துகொள்வார். அடுத்த மாதம் 1ஆம் தேதி பேங்க் ஸ்டேட்மெண்டை பேங்கிலிருந்து நீங்களே நேராக வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பிறகு உங்கள் கேஷியரைக் குடும்பத்தோடு பத்து நாள் சம்பள லீவில் அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.